காரில் கட்டிய வெள்ளிக்கிழமைப் பூ

அண்ணே,

இன்று காலை காய்ந்த வாழை நாரைக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போட்டேன். ஊறிய நாருக்கென்று ஒரு வாடை உண்டு. கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் பச்சையும் கலந்த வாடை. ஓர் இழையை எடுத்து இழுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்குக் கை ஓடவில்லை. தொடுக்க வேண்டிய கனகாம்பரம் முறத்தில் வாடிக்கொண்டிருக்க, நான் கிண்ணத்தின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் இருந்தவரை உங்களிடம் நான் பேசியதை எல்லாம் சேர்த்தால் இருபது வார்த்தை தேறாது. நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் இந்த வாயால்தான். ஐந்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னார்கள். எழுத்து தெரிந்தது, குரல் வரவில்லை. மூன்று நாள் நின்றேன், நான்காம் நாள் போகவில்லை. என்னைப் பெற்றவள் மல்லாட்டைக் காட்டில் கடலை பிடுங்கப் போகிறவள். வீட்டில் சும்மா இருக்கிற பெண்ணை டாக்டர் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். அங்கே பாத்திரம் தேய்க்கவும் மாவு அரைக்கவும் பேச வேண்டியதில்லை. தலையாட்டினால் போதும். அதனால்தான் உங்களிடம் சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

விழுப்புரத்தில் அந்த வீட்டுக்கு நான் வந்தபோது நீங்கள் ஏற்கெனவே டாக்டர் அய்யாவுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். வாரத்தில் மூன்று நாள் அவர் திண்டிவனத்து வைத்தியசாலைக்குப் போக வேண்டும். உங்கள் வீடும் அங்கேதான். சனிக்கிழமை இரவு வீட்டுக்குப் போனால் ஞாயிறு அங்கே தங்கி, திங்கள் விடிந்ததும் ரயிலில் வந்து இறங்குவீர்கள். உலகச் சண்டை வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டபோது ஊரில் பாதிக் கார்கள் கொட்டகையில் ஏறிவிட்டன. டாக்டர் என்பதால் அய்யாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதுவும் வாரம் இரண்டு நாளுக்குத்தான் காணும் என்றார்கள். நீங்கள் மூன்று நாளும் கொண்டுபோய்க் கொண்டுவந்தீர்கள்.

எப்படி என்று அய்யாவின் சிநேகிதர்கள் கேட்பார்கள். வராந்தாவில் காபி கொடுக்க வரும்போது நானும் கேட்பேன். நீங்கள் தூணுக்கு அப்பால் நின்றபடி சொல்வீர்கள்.

“வண்டி எங்க சார் குடிக்குது. காலுதான் குடிக்குது.”

அவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். விக்கிரவாண்டிப் பக்கம் மல்லாட்டை மூட்டை ஏற்றின மாட்டு வண்டிகள் வரிசையாகப் போகும். மற்றவர்கள் கிட்டே போய்ப் பிரேக்கை மிதித்து, ஆரனை அடித்து, மறுபடியும் முதல் கியரிலிருந்து கிளப்புவார்கள். நீங்கள் தூரத்திலேயே காலை எடுத்துவிடுவீர்களாம். கார் தானாக வேகம் குறைந்து போய்ச் சேருவதற்குள் வண்டிக்காரர் ஓரம் கட்டியிருப்பாராம். ஒரு தடவை பிரேக்கை மிதித்தால், அதுவரைக்கும் ஊட்டின பெட்ரோலை ரோட்டில் ஊற்றினதாக அர்த்தம் என்பீர்கள். தினமும் காலையில் டயரைக் குத்துவிட்டுப் பார்ப்பீர்கள். காற்று குறைந்த டயரோடு ஓடுகிற கார், சேற்றில் நடக்கிற மாடு மாதிரியாம். நிலத்திலிருந்து வந்த கேப்பை மூட்டையைப் பின்பக்கம் போட்டுக்கொண்டு போகச் சொன்னால் அம்மாவிடமே மறுத்துவிடுவீர்கள். டாக்டர் வீட்டம்மாவை நாம் எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிட்டோம். அவர்கள் உங்களுக்கு வைத்த பெயர் ‘பெட்ரோல் கஞ்சன்’. அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் பெருமைதான் இருக்கும்.

திண்டிவனம் ரயில் கேட்டில் நீங்கள் இஞ்சினை நிறுத்திவிடுவதை அய்யாவே நடித்துக் காட்டியிருக்கிறார். கேட்காரர் கதவைச் சாத்தக் கை வைத்ததுமே நீங்கள் சாவியைத் திருப்பிவிடுவீர்களாம். பின்னால் இருக்கிற பஸ்காரர், “இன்னாய்யா, வண்டி செத்துப் பூட்ச்சா?” என்று கேட்பாராம். “நிக்கிற வண்டிக்கு எதுக்குய்யா சோறு?” என்பீர்களாம்.

இத்தனை தெரிந்த உங்களுக்கு நான் செய்தது தெரியாமல் போய்விட்டது.

அந்த வருஷம் ஆயுத பூசைக்குக் காரைக் கழுவிச் சந்தனம் வைத்தோம். முன்பக்கம் கட்டின பூ போகிற வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது, உள்ளே அய்யா கண்ணில் படுகிற மாதிரிக் கட்டு என்று அம்மா சொன்னார்கள். இனி வெள்ளிக்கிழமை தவறாமல் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். உள்ளே ஆணி இல்லை, கொக்கி இல்லை. கடிகாரம் மாதிரி வட்டங்கள் இருக்கும் பலகையில் ஒரு குமிழ் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கருப்பாக, கொட்டைப்பாக்கு அளவில். அதன் கழுத்தில் நாரைச் சுற்றிக் கட்டினேன். நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

“நல்லா இறுக்கிக் கட்டு பாப்பா. ஓடறப்போ அவுந்து விழுந்தா சாமிப் பூவக் காலால மிதிச்சிடுவேன்.”

நான் இறுக்கிக் கட்டினேன். நனைந்த நார் காய்ந்தால் முடிச்சு கல்லாகிவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை வாடின பூவை உருவி எடுத்துவிட்டேன். முடிச்சு அவிழவில்லை. சாமிக்குக் கட்டியதில் கத்தி வைக்கக் கூடாது என்று என் வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதனால் பழைய நாரின் மேலேயே புது நாரைச் சுற்றினேன். அதற்கு அடுத்த வெள்ளியும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று ஒரு வெள்ளியும் விடவில்லை.

தை மாதம் பெட்ரோல் மாசக் கடைசிக்கு ஆறு நாள் முன்னாலேயே தீர்ந்தது. அய்யா ரயிலில் திண்டிவனம் போனார். நீங்கள் வேப்பமரத்தடியில் காரைச் சுற்றிச் சுற்றி வந்தது சமையலறை ஜன்னலில் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி நிறுத்தி, ஒற்றை விரலால் சுழற்றி, பிரேக் எங்காவது பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று காது வைத்துக் கேட்டீர்கள். காற்றடித்தீர்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து மாட்டினீர்கள். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினீர்கள். பின்பக்கத்தில் கிடந்த பழைய சங்கிலியைக்கூடப் பாரம் என்று எடுத்து வெளியே வைத்தீர்கள். சண்டைக் காலத்துப் பெட்ரோலில் கலப்படம் இருக்கும் என்று ஊரில் மெக்கானிக் சொன்னாராம்.

மாசி மாதம் ஒன்பது நாள் முன்னால் தீர்ந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்ட ஆரம்பித்தீர்கள். பங்குனி வெயிலில் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்று கால் தோலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக என்று பின்னால்தான் புரிந்தது. வண்டியில் எல்லாவற்றையும் பிரித்தீர்கள். என் பூவை மட்டும் தொடவில்லை. அது சாமிப் பூ. காலையில் கிளப்பும்போது அந்தக் குமிழை இழுப்பீர்கள். சூடேறினதும் உள்ளே தள்ளுவீர்கள். அது நாரில் இடித்து நின்றிருக்கும். உள்ளே போய்விட்டது என்றுதான் உங்கள் விரலுக்குத் தோன்றியிருக்கும். பார்க்கலாம் என்றால் பூ மறைத்துக்கொண்டிருந்தது.

ஒரு காலை அய்யா உங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் உயர்த்த மாட்டார்.

“வண்டி குடிச்சுதா, இல்ல வேற யாராவது குடிச்சாங்களா?”

பெட்ரோலைக் கள்ளத்தனமாக வாங்குகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. நீங்கள் சாவியை எடுத்துத் திண்டில் வைத்தீர்கள்.

“உங்க பெட்ரோல்ல ஒரு சொட்டு என் வூட்டு விளக்குக்குக்கூடப் போனதில்ல சார்.”

அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். நீங்கள் துணிப்பையோடு கிணற்றடி வழியாகப் போகும்போது நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். நின்றீர்கள்.

“பூ கட்டறத உட்டுடாத பாப்பா. வர்றவனுக்கும் வோணும்.”

நான் தலையாட்டினேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது அண்ணே. அன்றைய மௌனம் என் கூச்சம். அதற்கு அப்புறம் இருந்தது அப்படியல்ல.

புது டிரைவர் வந்த முதல் வாரமே காருக்குள் குனிந்து பார்த்து, “இன்னாது இது, குருவிக்கூடு மாதிரி?” என்றார். பிளேடால் நாரை அறுத்து வெளியே எறிந்தார். வாசல் தெளித்துக்கொண்டிருந்த என் காலடியில் வந்து விழுந்தது. பிறகு கட்டைவிரலால் அந்தக் குமிழை அழுத்தினார். ஒரு நகக்கண் அளவுக்கு அது உள்ளே போனது. அவர் சிரித்தார்.

“இதான் சோக்கு. வண்டி சூடாவறதுக்குள்ள மட்டும் பெட்ரோல அள்ளி ஊத்தறது. இது மூடாமயே ஓடிக்கினு இருந்துருக்குது. பெட்ரோலு போவாம இன்னா பண்ணும்?”

நான் கையில் சொம்போடு நின்றேன். அவர் துடைக்கும் துணியை உதறிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் குனிந்து அந்த நாரை எடுத்தேன். ஒரு பக்கம் அறுபட்ட சின்ன வளையம். சுற்றுச் சுற்றாக இறுகி, மரத்துண்டு போல இருந்தது. இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அந்த மாதக் கடைசியில் டாங்கியில் பெட்ரோல் மீந்தது. சாப்பிடும்போது அய்யா அம்மாவிடம், “பாத்தியா? ஆள மாத்தினதும் மிச்சமாகுது” என்றார். நான் மோர்ச் சொம்போடு அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கூப்பிடு தூரம்கூட இல்லை. புது டிரைவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தன் சாமர்த்தியம் என்று பெயர் வருவதை யார் வேண்டாம் என்பார்கள்? அவர் சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது? என்னை அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. அதைவிட, நான் பேச ஆரம்பித்தால் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள் என்ற பயம். சொன்னால் வெட்கமாகத்தான் இருக்கிறது, இரண்டாவதுதான் பெரிய பயம். ஒருவர் பேர் கெட்டுக் கிடக்கும்போது, என்னை நாலு பேர் பார்ப்பார்களே என்று நான் மோரை ஊற்றினேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

நீங்கள் கரிவாயுவில் ஓடும் பஸ்ஸில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரு நாள் அம்மா தைலம் வாங்கிவர அனுப்பியபோது பஸ் நிற்கும் இடத்தில் உங்களைப் பார்த்தேன். பஸ்ஸின் பின்னால் கட்டியிருந்த அடுப்புப் பீப்பாயில் கரியைக் கொட்டி, கைச்சக்கரத்தைச் சுற்றி நெருப்பை மூட்டிக்கொண்டிருந்தீர்கள். புகை உங்கள் தலையைச் சுற்றி நின்றது. முகம் சிறுத்திருந்தது. இருமிவிட்டுச் சிரித்தீர்கள்.

“இது குடிக்காது பாப்பா. கரி துன்னும். மேடு வந்தா எறங்கித் தள்ளச் சொல்லும்.”

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு நீங்கள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டீர்கள்.

“நம்ம வண்டி எப்பிடி ஓடுது? இப்ப எவ்ளோ தூரம் தருது?”

“பழையபடி நல்லா ஓடுதுங்க. மூணு நாளும் போறாங்க.”

நீங்கள் கீழே குனிந்து உங்கள் காலைப் பார்த்தீர்கள்.

“அப்ப என் காலுதான் கெட்டுப் போச்சு.”

நார் வளையம் அப்போதும் என் இடுப்பில்தான் இருந்தது. கையை விட்டு எடுத்து உங்களிடம் நீட்டியிருக்கலாம். வாய்கூட வேண்டியதில்லை. எடுத்து நீட்டியிருந்தால் நீங்களே பார்த்துப் புரிந்துகொண்டிருப்பீர்கள். கண்டக்டர் விசில் ஊதினார். தைலக் கடைக்கு நேரமாகிறது என்று நான் நடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தேனா என்று ஞாபகம் இல்லை. பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி கட்டி நீங்கள் போய்விட்டீர்கள் என்று அதே கண்டக்டர் வந்து அய்யாவிடம் சொன்னார். எட்டு நாள் ஆகிவிட்டதாம். அய்யா, “அடடா” என்றார். கொஞ்சம் பொறுத்து, “கை கொஞ்சம் அப்படி இப்படி, மத்தபடி நல்ல டிரைவர்” என்றார்.

நான் சமையலறையிலிருந்து வராந்தாவுக்கு நடந்தேன். எப்படி நடந்தேன் என்று தெரியாது. நாரை அவர் முன்னால் மேஜைமேல் வைத்தேன்.

“அவரு எடுக்கலிங்க அய்யா. நான்தான் கட்டினேன்.”

ஒன்றும் புரியாமல் பார்த்தார். நான் முன்னும் பின்னுமாகச் சொன்னேன். பாதியில் அழுகை வந்தது, நிறுத்தாமல் சொன்னேன். அய்யா புது டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் என்றார். அய்யா நாரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத்தனை நாளா ஏன் சொல்லல?”

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அம்மாதான், போன மனுஷன் பேரில் இனிமேல் எதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்றார்கள்.

“அவரு சம்சாரம் இருக்காங்கம்மா” என்றேன்.

அந்தச் சனிக்கிழமை அய்யா என்னையும் திண்டிவனத்துக்குக் கூட்டிப்போனார். அத்தனை வருஷம் கழுவின காரில் அன்றுதான் முதல்முதலாக ஏறினேன். புது டிரைவர் பக்கத்தில் அய்யா, பின்னால் நான். மயிலம் குன்று தாண்டியது, கூட்டேரிப்பட்டு தாண்டியது. திண்டிவனத்தில் ரயில் கேட் சாத்தியிருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ரயில் கண்ணுக்கெட்டின தூரம்வரை காணோம். நான் பொறுத்துப் பார்த்தேன்.

“நிறுத்துங்க” என்றேன்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். இங்கேயா இறங்கப் போகிறாய் என்று கேட்டார்.

“இஞ்சின நிறுத்துங்க. நிக்கிற வண்டிக்கு எதுக்குச் சோறு?”

அய்யா திரும்பவில்லை. கையை மட்டும் லேசாக அசைத்தார். சாவி திரும்பியது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மாட்டு மணி கேட்டது. அய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரயில் வந்து போகிறவரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

உங்கள் வீட்டில் உங்கள் சம்சாரம் எங்களை உட்காரச் சொன்னார்கள். நான் அவர்களை அக்கா என்று கூப்பிட்டேன். அய்யா உட்காரவில்லை. நான் சொன்னது தப்பும்மா, அவர் பேரில் குற்றமில்லை என்று நின்றபடியே சொன்னார். பிறகு நான் நாரைக் காட்டி, என் குற்றத்தைச் சொன்னேன். அக்கா அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“படுத்துக்கினு இருக்கும்போதுகூட வலது கால லேசா லேசா அமுத்திக்கினே இருப்பாரு. இன்னாத்துக்கு இப்பிடிப் பண்றன்னு கேப்பேன். காலப் பழக்கறேன்டி, கனமாயிட்ச்சுன்னுவாரு.”

இதைச் சொல்லிவிட்டு அக்கா நாரை என் கையிலேயே திருப்பி வைத்தார்கள். “நீயே வச்சுக்க” என்றார்கள். அது மன்னிப்பா, தண்டனையா என்று நான் கேட்கவில்லை.

அண்ணே, அய்யா வீட்டில் என்னை அனுப்பவில்லை. நீங்கள் சொன்னபடி வெள்ளிக்கிழமைப் பூவை நான் விடவில்லை. இப்போது கதவுக் கைப்பிடியில் கட்டுகிறேன், வாரா வாரம் பழைய நாரை அறுத்து எடுத்துவிடுகிறேன். சாமி கோபித்தால் கோபிக்கட்டும். இன்று காலையும் நெடுநேரம் கழித்து எழுந்துபோய்க் கட்டினேன். கட்டி முடித்ததும் எப்போதும் போல அந்தக் குமிழைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பலகையில் இடிக்கிறவரை அழுத்தினேன்.

நார் வளையம் இன்னும் என் இடுப்பில் இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்தில் நீங்கள் குனிந்து காலைப் பார்த்தது என் கண்ணில் இருக்கிறது. அன்றைக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது நாலே வார்த்தை. இன்று காரின் கதவைச் சாத்திவிட்டு, வேப்பமரத்தடியில் யாரும் இல்லாதபோது, வாய்விட்டுச் சொன்னேன்.

உங்க காலு கெடலிங்க அண்ணே.